ட்வீட்டருக்கு முன்னால் ஒரு 2.2 ஓம்

ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் வூஃபரின் விளிம்பை விரலால் தொட்டேன். விரல் உள்ளே போய்விட்டது. அதன் காகிதக் கூம்பான கோனைச் சுற்றியிருந்த நுரை விளிம்பு, ஃபோம் எட்ஜ், காப்பித் தூள் போல மடியில் கொட்டியது. ஆறு மாதமாகப் பாஸ் (தாழ்ந்த ஒலி) வரும் இடங்களில் ‘டர்ர்’ என்று ஒரு கிழிசல் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயர்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி அதைப் பிரித்துப் போட்டு, நன்றாக இருந்த கண்டென்சர்களையெல்லாம் மாற்றித் தொலைத்திருந்தேன். ஸ்பீக்கரின் முன்புற வலையைக் கழற்றிப் பார்க்க ஐந்து நொடி போதும். அந்த ஐந்து நொடியைச் செலவழிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

ஸ்பீக்கர் ஜோடி அப்பா 1991-இல் வாங்கியது. எட்டு அங்குல வூஃபர், உயர்ந்த ஒலிகளுக்கு ஒரு அங்குல டோம் ட்வீட்டர். அப்பா கோயம்புத்தூரில் ஓர் ஆலையின் தறிப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வீட்டுக்கு மோட்டார் போட வேண்டும் என்று எடுத்து வைத்திருந்த பணத்தில் அவர் ஸ்பீக்கர் வாங்கி வந்ததை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை. கிணற்றில் கயிறு இழுக்கும் ஒவ்வொரு காலையும் அந்தப் பேச்சு வரும்.

ஃபோம் எட்ஜ் 2006-இல் ஒருமுறை மாற்றியதுதான். நுரை எட்ஜின் ஆயுளே அவ்வளவுதான். பதினைந்து, இருபது வருடம். பாலியூரித்தேன் நுரையைக் காற்றின் ஈரம் மெல்லச் சிதைத்துவிடும். பாட்டுப் போட்டாலும் சிதையும், போடாமல் மூடி வைத்தாலும் சிதையும். இந்த முறை ரப்பர் எட்ஜ் போடலாம் என்று நினைத்தேன். ஆனால் ரப்பர் கனமானது. கோனின் மொத்த எடை கூடினால் பழைய பெட்டிக்கு அது பொருந்தாமல் போகலாம். அதனால் மீண்டும் ஃபோமே. சென்னைக்குப் போயிருந்தபோது ரிச்சி தெருவில் ‘எட்டு அங்குல எட்ஜ்’ என்று கேட்டு ஒரு ஜோடி வாங்கி வந்தேன். பொருந்தவில்லை. எட்டு அங்குலம் என்பது ஸ்பீக்கரின் சட்டத்துக்கான அளவு. எட்ஜ் வாங்க வேண்டியது கோனின் விட்டத்தைப் பார்த்து. கோனின் விட்டம், வளைவின் வெளி விட்டம், சட்டத்தில் ஒட்டும் பகுதியின் விட்டம் மூன்றையும் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். இரண்டாவது ஜோடி கூரியரில் வந்தது.

பழைய பசையை எடுப்பதுதான் உண்மையான வேலை. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, ஊறவிட்டு, தேய்ந்த வெண்ணெய்க் கத்தியால் சுரண்டினேன். காகிதக் கோன் என்பதால் அவசரப்பட்டால் கிழிந்துவிடும். ஒரு வூஃபருக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

அடுத்தது நடுமையம் பார்ப்பது. கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில், காந்தத்தின் இடுக்கில் எந்தப் பக்கமும் உரசாமல் நிற்க வேண்டும். இடைவெளி தலைமுடிக் கணக்கில்தான் இருக்கும். இதற்குப் பழைய வழி, நடுவில் தூசு போகாமல் மூடியிருக்கும் டஸ்ட் கேப்பைப் பிளேடால் வட்டமாக அறுத்து எடுத்துவிட்டு, காயிலுக்கும் நடுக்கம்பத்துக்கும் இடையில் நாலு பக்கமும் ஃபிலிம் துண்டுகளைச் செருகுவது. வீட்டில் இருந்த பழைய நெகட்டிவ் சுருளில் நாலு துண்டு வெட்டினேன். யாருடைய கல்யாணம் என்று தெரியவில்லை. பந்தி வரிசை ஒன்று தலைகீழ் நிறத்தில் தெரிந்தது. கோன் பக்கம் முதலில் ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, சட்டத்தின் பக்கம் மறுநாள் ஒட்டினேன். காகிதக் கோனுக்குச் சாதாரண வெள்ளை ஃபெவிகாலே போதும். காய்ந்தால் நிறமற்றுப் போகும், தவறு நேர்ந்தால் நனைத்து எடுக்கலாம்.

பெட்டியைத் திறந்தாயிற்றே என்று, தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரையும் வெளியே எடுத்தேன். மிக எளிய கிராஸ்ஓவர்: வூஃபருக்கு ஒரு காயில், ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் ஒன்று, அதோடு தொடராக ஒரு வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர், 2.2 ஓம். கண்டென்சர்களை மீட்டரில் வைத்தேன். இடது பெட்டியினுடையது 3.4 காட்டியது; வலது 4.1. முப்பது வருடத்தில் உள்ளிருந்த ஈரம் உலர்ந்து சுருங்கிப்போயிருந்தது. எட்டு ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் என்றால் அது ஏறத்தாழ 4,200 ஹெர்ட்ஸிலிருந்து வேலையைத் தொடங்கும், 3.4 ஆகச் சுருங்கினால் 5,850. தொடரில் உள்ள ரெசிஸ்டரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டு எண்களுமே கீழே இறங்கும், ஆனால் சங்கதி மாறாது: நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது, மேலே ட்ரெபிளும் (உயர்ந்த ஒலியும்) மெலிந்திருந்தது. போதாததற்கு, உலர்ந்த எலக்ட்ரோலிட்டிக் தனக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும். அதுவும் ட்வீட்டரின் குரலை அமுக்கும்.

புதிதாக ஃபிலிம் கண்டென்சர் போட்டேன், 4.7 மைக்ரோஃபாரட், 250 வோல்ட். கட்டைவிரல் அளவு இருந்தது. பலகையில் இடமில்லாமல் பக்கத்தில் படுக்க வைத்துப் பசையால் ஒட்டினேன். இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. அந்த 2.2 ஓம் எதற்கு? ட்வீட்டரை இரண்டு டெசிபல் அடக்கி வைப்பதற்கு. ஏன் அடக்க வேண்டும்? சோதித்துப் பார்க்க ஒரு ஒயரால் ரெசிஸ்டரைத் தாண்டிவிட்டுக் கேட்டேன். திரை விலகியது போல இருந்தது. வயலினின் வில் தந்தியைத் தொடும் சத்தம், பாடகி மூச்சு வாங்கும் சத்தம், எல்லாம் எதிரில் வந்து உட்கார்ந்தன. தயாரித்தவர்களுக்குக் காது இல்லை என்று தீர்மானித்து, அந்த ஒயரை அப்படியே ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டேன்.

மாலையில் மகள் வந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, வயது 19. பெருமையாக ஒரு பாட்டைப் போட்டேன். அரை நிமிடம் கேட்டாள்.

“அப்பா, ‘ச’ வருகிற இடமெல்லாம் ஊசியால் குத்துகிறது. உங்களுக்குக் குத்தவில்லையா?”

எனக்குக் குத்தவில்லை. இப்போதுதான் தெளிவாகக் கேட்கிறது என்றேன். அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். என் மனைவி சமையலறை வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, முன்பு எப்படி இருந்ததோ அதுவே நன்றாக இருந்தது என்று சொல்லிப் போய்விட்டாள். இரண்டுக்கு ஒன்று. நான் கோபித்துக்கொண்டு ட்ரெபிள் குமிழை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். கூட்டும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

அந்த ஆம்ப்ளிஃபயரும் அப்பாவினுடையதுதான். ட்ரெபிள் குமிழைச் சுற்றியுள்ள தகட்டில், கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடத்தில், ஒரு சிவப்புப் பொட்டு. அக்காவின் நகப்பூச்சில் அப்பா வைத்த அடையாளம். எனக்கு அப்போது 24 வயது. அவர் ஷிஃப்டுக்குப் போனதும் ட்ரெபிளை நடுவில் கொண்டுவந்து, பாஸை முழுக்கத் திருப்பி வைப்பேன். அவர் திரும்பி வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் ட்ரெபிளைப் பொட்டுக்கு நேராக வைப்பார். பாஸை நடுவுக்கும் கீழே இறக்குவார். தகரத்தில் மழை பெய்வது போலப் பாடும். அப்பாவுக்கு ரசனை இல்லை என்பது என் நெடுநாள் கட்சி. நண்பர்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அப்பா கேட்ட கேசட்டுகளை நினைத்துப் பார்த்தால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய அறுபது நிமிடக் கேசட்டுகள். பதியும்போதே மேல் ஸ்வரம் பாதி போய்விடும். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தால் மீதியும் போகும். அதற்கு முன்னால் அவர் கேட்டது மத்திய அலை வானொலி. நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. ஒலிக்குக் கிடைப்பது அதில் பாதிதான், நாலரை ஆயிரம் ஹெர்ட்ஸோடு கதவு சாத்திவிடும். ஆனால் அதே மங்கலான வானொலியைக் கேட்டு வளர்ந்த அவர் வயதுக்காரர்கள் சிலர் மங்கல் ஒலியைத்தான் ‘இனிமை’ என்பார்கள். ட்ரெபிளைத் தொடவே விடமாட்டார்கள். இளமையில் கேட்டுப் பழகிய ஒலி ஒரு பக்கம் இழுத்தால், தேய்ந்த காது மறு பக்கம் இழுக்கும். அப்பாவிடம் ஜெயித்தது தறி.

அன்று இரவு, மகளோடு உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கைபேசியில் ஒற்றைச் சுருதி எழுப்பும் செயலி, ஒயர் வைத்த ஹெட்ஃபோன். ஒலி அளவை மாற்றாமல் 8,000 ஹெர்ட்ஸிலிருந்து ஏறினோம். அவள் 17,000 வரை தலையாட்டிக்கொண்டே போனாள். எனக்கு வலது காதில் 11,000-ஐத் தாண்டியதும் ஒன்றுமில்லை. இடது காது 9,500-இலேயே கடையைச் சாத்திவிட்டது. செயலி நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது, மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஹெட்ஃபோனை எட்டப் பிடித்திருந்தாள்.

எண்பதுகளின் நடுவில், தெருவில் நடந்து போகும்போதே எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று சொல்வேன். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் தெரியும். பழைய பிக்சர் டியூப் டிவியில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள், பெருக்கினால் 15,625. அந்தச் சுருதியில் அதன் உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ‘கீ’ என்று கத்திக்கொண்டிருக்கும். அப்பாவுக்கு அது கேட்காது. ‘டிவியை அணைக்காமல் போய்விட்டீர்கள்’ என்று பக்கத்து அறையிலிருந்து நான் சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பார். அந்தக் காது எந்த வருடம் என்னை விட்டுப் போனது? தெரியவில்லை. பல் விழுந்தால் தெரிகிறது, கண்ணில் வெள்ளெழுத்து வந்தால் தெரிகிறது, இது தெரியவில்லை.

காதுக்குள் சங்குச் சுருள் போன்ற உறுப்பில், வாசலை ஒட்டிய பகுதி உயர் சுருதிகளுக்கு, உள் முனை தாழ்ந்த சுருதிகளுக்கு. அங்குள்ள மயிரிழைச் செல்கள் மனிதருக்குப் போனால் திரும்ப முளைப்பதில்லை. வயதானால் முதலில் உதிர்வது வாசல் பக்கத்தவை. இரைச்சலில் வேலை பார்த்தால் 4,000 ஹெர்ட்ஸ் அருகே தனியாக ஒரு பள்ளம் விழும். மறுவாரம் காது மருத்துவரிடம் போய் முறையான சோதனை செய்தேன். அதில் பொதுவாக 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கிறார்கள், பேச்சுப் புரிய அது போதும் என்பதால். 25 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு என்று கணக்கு. என் வரைபடம் 2,000 வரை சமதளமாகப் போய், அதன் பிறகு மருதமலைப் படி போல இறங்கியது. இடது காதில் 4,000-இல் 40 டெசிபல். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அப்பாவின் நினைவு வந்தது. தறிக் கொட்டகையில் பக்கத்து ஆளின் காதருகே கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வதோடு பாதுகாப்பு முடிந்தது. ட்ரெபிள் குமிழில் அவர் தேடியது மெய்யெழுத்துகளை. ‘க’, ‘ச’, ‘த’ எல்லாம் வாழ்வது அந்தப் பள்ளத்தில்தான். பாட்டின் வரி புரியாமல் மெட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க அவருக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் அப்போது விளங்கியது. வால்யூமைக் குறைத்தால் ‘கேட்கவில்லை’ என்பார்; ஓர் அங்குலம் கூட்டினால் ‘ஏன் இப்படி அலறுகிறது’ என்பார். வம்புக்கு என்று நினைத்தேன். உள்காது தேய்ந்தவர்களுக்குக் கேட்கத் தொடங்கும் வாசல் மேலே ஏறிவிடும், ஆனால் தாங்க முடியாத உச்சி இருந்த இடத்திலேயே இருக்கும். நடுவில் உள்ள ஏணி குட்டையாகிவிடுவதால் ஒரு படி ஏறினாலே கூரை இடிக்கும்.

கதை இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். 1991-இலிருந்து அந்தக் கண்டென்சரும் என் காதும் ஒரே வேகத்தில் வற்றிக்கொண்டிருந்தன. இரண்டும் சேர்ந்து போனதால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பெட்டியைப் பழுது பார்த்தேன்; அது பழைய நிலைக்குத் திரும்பியது. அது போதாமல் ரெசிஸ்டரையும் தாண்டிவிட்டு, என் காதின் குறையையும் பெட்டியின் தலையில் கட்டினேன்.

அடுத்த ஞாயிறு ஒழுங்கான சோதனை. ரெசிஸ்டரின் இரு முனைகளையும் ஒயர் வைத்து வெளியே இழுத்து, முதலைக் கிளிப் மாட்டினேன். நேரடி ஒயர், 1 ஓம், 2.2 ஓம், 3.3 ஓம். அடக்கும் அளவு முறையே பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று டெசிபல், ஏறத்தாழ. கேட்பவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். மற்றவர் சொல்லாமல் மாற்றுவார். முதலில் நான். பத்து முறையில் எட்டு முறை பூஜ்யத்தையோ 1 ஓமையோதான் தேர்ந்தெடுத்தேன். 2.2-க்கும் 3.3-க்கும் வித்தியாசமே சொல்ல முடியவில்லை. மகள் பத்தில் ஏழு முறை 2.2 என்றாள். தயாரித்தவர்கள் வைத்த அதே மதிப்பு. அவர்களிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன்.

மகளின் புகார் அதோடு நிற்கவில்லை. ட்ரெபிள் சரி, பாஸ் எங்கே என்றாள். காதுக்குள் செருகும் இயர்ஃபோனில் வளர்ந்த தலைமுறைக்கு எட்டு அங்குல வூஃபர் தரும் பாஸ் மோர் மாதிரி இருக்கிறது. அடுக்குமாடியில் மெதுவாகத்தான் வைக்க முடியும், மெதுவாக வைத்தால் முதலில் காணாமல் போவதும் பாஸ்தான். காதின் அமைப்பு அப்படி. அமெரிக்க ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வரைந்து காட்டிவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னஸ்’ என்றொரு பொத்தான் இருப்பது அதற்காகத்தான். அழுத்திக் காட்டினேன். இது ஏன் எப்போதும் அழுத்தியபடி இல்லை என்று கேட்டாள். நானும் அவள் வயதில் அதைத்தான் கேட்டேன். ஹெட்ஃபோன்களை வைத்து இந்த ரசனைகளை ஆராய்ந்த ஷான் ஆலிவ் குழுவினர், பாஸ் குறைவாக வேண்டும் என்றவர்களில் ஐம்பது கடந்தவர்கள் கூடுதலாக இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கூடம் அவர்களுக்குச் சாட்சி சொல்லும்.

என் காதுக்குத் தக்கபடி பெட்டியை மாற்றினால் என்ன தவறு? கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறோமே. இதையே இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் எதிர் வீட்டிலிருந்து வந்தது. அங்கே ஒரு பையன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். அவன் வாசிப்பை மைக் இல்லாமல், ஆறடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டேன். வலப்பக்கத் தோலான வலந்தலையில் சாப்பு என்ற அடி விழுந்தது. அந்த ஒலி எனக்கு முழுமையாகத்தான் இருந்தது. குறை தெரியவில்லை. திரும்பி வந்து ரெசிஸ்டர் இல்லாத பெட்டியில் ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன்: சாப்பு எவர்சில்வர் தட்டில் தட்டுவது போல இருந்தது. 2.2 ஓமைச் சேர்த்ததும் தோல் தோலாக ஒலித்தது. எதிர் வீட்டு மிருதங்கத்தை நான் கேட்பதும் இதே தேய்ந்த காதால்தான். அந்த ஒலிதான் என் மூளைக்கு மிருதங்கம். பெட்டி அதைவிட அதிகம் கொடுத்தால், அது ‘தெளிவு’ என்று தோன்றுமே தவிர மிருதங்கமாக இருக்காது.

தம்பூராவில் மட்டும் இந்த வாதம் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. தந்திக்கும் பாலத்துக்கும் நடுவில் ஜீவா நூல் எழுப்பும் அந்த ரீங்காரம் முழுக்க மேல் சுருதிகள்தான். நேரில் கேட்டாலும் எனக்கு அது மெலிந்துவிட்டது. ஆனால் முப்பது வருடத்துக்கு முன் அது எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாபகத்துக்காக ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. அதற்குத்தான் குமிழ் இருக்கிறது. ஆங்கிலப் பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் 1952-இல் வெளியிட்ட மின்சுற்றின் வழிவந்தது அது. ஒரு திருப்பில் கூட்டலாம், ஒரு திருப்பில் நடுவுக்குக் கொண்டுவரலாம். பெட்டிக்குள் பற்றவைத்த ஒயரை அப்படி எடுக்க முடியாது. கிராஸ்ஓவர் வீட்டில் உள்ள எல்லோருக்கும் பொது; குமிழ் அந்த நேரத்தில் கேட்பவருக்கு உரியது.

ஆகவே ஒயரை வெட்டி எறிந்துவிட்டேன். பழைய ரெசிஸ்டரை மீட்டரில் வைத்தால் 2.3 காட்டியது, ஐந்து சதவீதத்துக்குள்தான், ஆனாலும் புதிது பத்து ரூபாய்தானே என்று புதிதாகவே போட்டேன், 10 வாட். பலகையை ஒட்டி வைக்காமல் அரை அங்குலம் தூக்கி வைத்தேன், சூடானால் காற்று படட்டும் என்று. மொத்தச் செலவில் பெரும் பங்கு ஃபிலிம் கண்டென்சருக்கு. அடுத்தது நான் தவறாக வாங்கிய முதல் ஜோடி எட்ஜுக்கு.

இப்போது நான் கேட்கும்போது குமிழ் இரண்டு மணியில் நிற்கிறது. அப்பாவின் பொட்டுக்கு இன்னும் ஒரு மணி பாக்கி. மகள் கேட்டு முடித்துப் போனபின் பார்த்தால் நடுவில் இருக்கிறது, பாஸ் முழுக்கத் திரும்பியிருக்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.

வேலை முடிந்தது என்று பெட்டியைத் திருகாணி போட்டு மூடிய மறுநாள் அவள் ஒரு புதுப் புகாரோடு வந்தாள். இடது வூஃபரில், ஆழமான பாஸ் வரும்போது, ஏதோ காகிதம் உரசுகிறதாம். செயலியில் 40 ஹெர்ட்ஸ் சுருதியை ஓடவிட்டேன். ‘ஸ்ர்… ஸ்ர்…’ காயில் ஒரு பக்கம் உரசுகிறது. நடுமையம் பார்த்ததில் பிழை. இதை வயதின் மேல் போட வழியில்லை, எனக்கும் நன்றாகவே கேட்டது. டஸ்ட் கேப்பை மறுபடி அறுக்க வேண்டும். நெகட்டிவ் துண்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.